அரையாண்டு லீவில் பிள்ளைகளோடு ஒரு நாள் பெங்களூர்: கிருஷ்ணகிரியிலிருந்து போய்வர முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் இது 2013 டிசம்பரில் தொடங்கியது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுகிற லீவில் ஒரு நாள், என் பிள்ளைகள், இரண்டு அண்ணன் வீட்டுப் பிள்ளைகள், கொழுந்தனார் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் போவோம். இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவோம். 2020-ல் மட்டும் போகவில்லை.

எங்களைப் பார்த்து எங்கள் தெருவிலிருந்து இன்னும் சில குடும்பங்கள் கிளம்பின. ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் திணறினார்கள். ஐந்தாறு இடங்களை எழுதிக்கொண்டு போவார்கள். மூன்றாவது இடத்துக்குப் போகும்போதே சின்னது அழ ஆரம்பிக்கும். ராத்திரி பத்து மணிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மறு வருடம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். போன இடங்கள் எல்லாம் நல்ல இடங்கள்தான். வரிசைதான் தப்பு. அதனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறேன்.

## 1. திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அடிவரியில் "மாலை 4 மணி, சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட்" என்று எழுதுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்கு மேலே, கீழிருந்து மேலாக எழுதிக்கொண்டே போங்கள். காலையிலிருந்து கணக்குப் போட்டால் எல்லா இடத்துக்கும் நேரம் இருப்பது போலத் தெரியும். மாலையிலிருந்து போட்டால்தான் இரண்டு இடத்துக்கு மேல் இடமில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

சாந்திநகரில்தான் நம் பக்கத்து வண்டிகள் புறப்படும். நான்கு மணி எதற்கு என்றால், ஓசூர் ரோட்டில் ஐந்து மணிக்கு மேல் ஆபீஸ் விட்டு வரும் கூட்டம் சேர்ந்துவிடும். அதற்கு முன் ஊரை விட்டு வெளியே வந்துவிட்டால் ஏழு, ஏழரைக்குக் கிருஷ்ணகிரி. ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேருவோம் என்று நினைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் போய்விடும்.

இரண்டு இடம் என்பதில் ஒன்று கூரைக்கு அடியில் இருக்கட்டும், இன்னொன்று வெட்டவெளியில். எங்களுக்கு அது கஸ்தூரிபா ரோட்டில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா மியூசியமும் லால்பாக் தோட்டமும். தூரத்தில் இருப்பதைக் காலையில் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் இருப்பதை மதியத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மதியத்துக்கு மேல் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் ஊர்ப்பக்கமாகவே இருக்கட்டும்.

## 2. நாளைத் தேர்ந்தெடுப்பது

டிசம்பர் 26-லிருந்து 30 வரைக்குள் ஒரு நாள். 25 கூட்டம். 31-ஆம் தேதி சாயங்காலம் எம்.ஜி. ரோடு பக்கம் புத்தாண்டுக்காகத் திரளும் ஜனத்தில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. இந்த ஐந்து நாளில் சனி, ஞாயிறு வந்தால் அதையும் கழித்துவிடுங்கள். மிச்சம் மூன்று நான்கு நாள்தான் இருக்கும், தேர்வு சுலபம்.

மியூசியத்துக்குப் பதிலாக நேரு கோளரங்கம் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்க வேண்டும். அன்று அது விடுமுறை. காட்சிகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும் என்பதால், ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள நம் பிள்ளைகள் பாதியில் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். பெரிய பிள்ளைகள் மட்டும் என்றால் தாராளமாகப் போகலாம்.

இன்னொன்று. கர்நாடகப் பள்ளிக்கூடங்கள் சுற்றுலா போவதும் டிசம்பர், ஜனவரியில்தான். பத்தரை, பதினொரு மணிக்கு மேல் மியூசியத்தில் பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். காலை 9.30-க்குக் கதவு திறக்கும்போதே அங்கே நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

## 3. ஒரு பெரியவர், இரண்டு பிள்ளைகள்: ஒரு செட்டு

எத்தனை பேர் போனாலும் இந்தக் கணக்கை விடாதீர்கள். நாங்கள் எட்டுப் பிள்ளைகள், நான்கு பெரியவர்கள். நான்கு செட்டு. ஒரு பெரியவருக்கு இரண்டு கைகள்தானே! மூன்றாவது பிள்ளை வந்தால், அதைப் பிடிக்க ஆளில்லை என்று அர்த்தம்.

நாள் முழுக்க இந்தக் கணக்கு கை கொடுக்கும். அரசு பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஒரு செட்டு. ஆட்டோவில் மூன்று பேர், அங்கேயும் ஒரு செட்டு. சாப்பிடும் இடத்தில் மேசைக்கு ஒரு செட்டு. யார் யாரோடு போவது என்று ஒவ்வொரு இடத்திலும் பேசி முடிவு செய்ய வேண்டியதில்லை. அந்தப் பேச்சில்தான் பிள்ளைகள் தவறிப்போவார்கள்.

செட்டு பிரிக்கும்போது பெரிய பிள்ளை ஒன்று, சின்னது ஒன்று என்று சேருங்கள். சொந்த அம்மாவோடு சொந்தப் பிள்ளை வேண்டாம். எங்கள் அண்ணி மகள் என்னோடு வரும்போது சொன்ன பேச்சு கேட்பாள். அவள் அம்மாவோடு விட்டால் பத்து நிமிடத்தில் தூக்கச் சொல்லி அடம் பிடிப்பாள்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பாட்டியிடம் விட்டுவிடுவோம். இதில் மனது சங்கடப்படும், ஆனாலும் தளர வேண்டாம். ஒரு சின்னதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அந்தப் பெரியவரின் இரண்டு கையும் போய்விட்டது, அந்தச் செட்டில் உள்ள இன்னொரு பிள்ளைக்கு ஆளே இல்லை. "அடுத்த வருஷம் உன் முறை" என்று சொல்லி, சொன்னபடி கூட்டிப் போங்கள். எங்கள் வீட்டில் ஐந்து வயது முடிவதைப் பிறந்த நாளை விட இதற்காகத்தான் எண்ணுகிறார்கள்.

## 4. ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டியவை

சட்டைப்பை அட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. அதில் பிள்ளையின் பெயர், கூட வரும் இரண்டு பெரியவர்களின் கைப்பேசி எண்கள். தமிழில் மட்டும் எழுதாதீர்கள். அட்டையைப் பார்த்து உதவப் போகிறவர் பெங்களூர்க்காரர். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். நம் ஊரில் கன்னடம் எழுதத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார், கேட்டால் சந்தோஷமாக எழுதித் தருவார். கழுத்தில் தொங்கவிட வேண்டாம். தெரியாதவர்கள் பெயரைப் படித்துவிட்டுக் கூப்பிட்டால் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும். பையில் வைத்து ஊக்கு குத்துங்கள்.

பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஒத்திகை. இதை வீட்டிலேயே இரண்டு தடவை நடித்துப் பார்க்க வேண்டும். வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், அந்த நேரத்தில் மறந்துவிடுவார்கள். விதி மூன்றுதான். கூட்டத்தில் தவறினால், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், தேடி ஓடக் கூடாது. மெட்ரோவில் எல்லோரும் ஏறி நீ மட்டும் நடைமேடையில் நின்றுவிட்டால், அங்கேயே நில், நாங்கள் திரும்பி வருவோம். நீ மட்டும் ஏறிவிட்டால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நில்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வருடம் மெஜஸ்டிக் மெட்ரோ ஸ்டேஷனில் நான் முன்னால் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பெரிய அண்ணன் மகனும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு என் மகளும். அவனுக்கு அப்போது பதினொரு வயது. உள்ளங்கையை எங்களைப் பார்த்து விரித்துக் காட்டினான், ஒத்திகையில் செய்தது மாதிரியே. "இங்கேயே இருக்கோம்" என்று அர்த்தம். நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் வண்டி பிடித்துத் திரும்பி வந்தபோது இருவரும் அதே தூணடியில் இருந்தார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் முன்னால், பெரியவர் கடைசியில் என்பதை மாற்றவே இல்லை.

காலணி. பழகிய பள்ளிக்கூட ஷூ போதும். லீவுக்கென்று வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்குப் பத்து மணிக்கே குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். அப்புறம் அந்த நாள் முழுக்கத் தூக்கல்தான்.

உடை. பள்ளிக்கூட விளையாட்டு டி-ஷர்ட், பளிச்சென்ற ஒரே நிறமாக இருந்தால் மிக நல்லது. கூட்டத்தில் எண்ணுவது சுலபம். மேலே ஸ்வெட்டர் கட்டாயம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டிசம்பர் காலையில் அங்கே அடிக்கும் குளிர் நம் கிருஷ்ணகிரிப் பனி மாதிரி இருக்காது, காதை வாட்டும்.

வயதுச் சான்று. தமிழ்நாடு அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வரை அரை டிக்கெட். பிள்ளைகளின் ஆதார் அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மெட்ரோவில் வயதைப் பார்ப்பதில்லை, உயரம்தான் கணக்கு. மூன்றடிக்கு மேல் என்றால் முழு டிக்கெட். இதை முன்பே கணக்கில் சேர்க்காதவர்கள் கவுண்டரில் நின்று விழிப்பார்கள். மெட்ரோவுக்குப் போக மட்டும் ஆளுக்கு நூறு ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள்.

## 5. முந்தின நாள் இரவு

பை எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது. செட்டுக்கு ஒரு முதுகுப்பை, அதைப் பெரியவர் சுமக்க வேண்டும். பிள்ளைகளிடம் பை கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாப் பையும் உங்கள் தோளில்தான்.

பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, கொஞ்சம் நிப்பட்டு (தட்டை), ஒரு சின்னத் துண்டு, மாற்று உடுப்பு ஒன்று (சின்னவர்களுக்கு மட்டும்), வாந்திக்கு ஐந்தாறு கவர், எலுமிச்சம்பழம். லால்பாக்கில் பிளாஸ்டிக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால்தான் எவர்சில்வர்.

கத்தி, கத்திரிக்கோல் வேண்டாம். மெட்ரோ வாசலில் பையைச் சோதிக்கும்போது எடுத்துவிடுவார்கள். கொய்யாவை வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்னி, சாம்பார் எதுவும் வேண்டாம். புளிசாதம் நல்ல யோசனை மாதிரித் தெரியும், ஆனால் பிள்ளைகள் கை கழுவ இடம் தேட வேண்டியிருக்கும். பொடி இட்லியை ஸ்பூன் இல்லாமல், கையில் ஒட்டாமல் சாப்பிடலாம்.

## 6. காலை பஸ்

கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. நமக்கு பஸ்தான். தர்மபுரிக்காரர்களுக்கு ரயில் இருக்கிறது, ஆனால் ரயில் நேரத்துக்கு நம் நாளை வளைக்க வேண்டிவரும். அவர்களும் ஒரு மணி நேரம் முன்னதாக பஸ்ஸில் கிளம்புவதே இந்த வரிசைக்கு ஒத்துவரும்.

புது பஸ் ஸ்டாண்டில் ஐந்தேகாலுக்கு இருங்கள், ஐந்தரைக்குள் ஏறிவிடுங்கள். சேலத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வருகிற வண்டிகள் வழியிலேயே நிறைந்துவிடும். கிருஷ்ணகிரியில் புறப்படும் வண்டியாகக் கேட்டு ஏறினால் பன்னிரண்டு பேருக்கும் ஒன்றாக இடம் கிடைக்கும். ஹைவேயில் மேம்பாலத்தடியில் நின்று கை காட்டி ஏறுவது ஒற்றை ஆளுக்குச் சரி, பிள்ளைகளோடு வேண்டாம்.

நடுச் சீட்டுகளைப் பிடியுங்கள். பின்னால் குலுக்கல் அதிகம், வாந்தி வரும். ஏறியதும் கண்டக்டரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: பொம்மசந்திரா மெட்ரோ ஸ்டேஷனில் நிறுத்துவாரா, சாயங்காலம் வண்டிகள் சாந்திநகரில் எந்த இடத்தில் நிற்கும். இரண்டாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதில் மாலையில் உங்களுக்குக் கால் மணி நேரம் மிச்சமாக்கும்.

பஸ்ஸில் யாருக்கும் எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றோடு வருகிறார்களே என்று பாவப்பட்டு இட்லியைப் பிரிக்கும் அம்மாக்கள்தான் சூளகிரி தாண்டுவதற்குள் கவரைத் தேடுவார்கள். ஒரு வாய்ப் பால் குடித்துவிட்டு ஏறினால் ஏழரை வரை தாங்கும். தூங்க விடுங்கள், ஓசூரில் தானாக விழிப்பார்கள்.

## 7. பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ

2025 ஆகஸ்டு 10-இல் மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு நம் பக்கத்தவர்களுக்கு இந்தப் பயணமே மாறிவிட்டது. முன்பெல்லாம் சில்க் போர்டு சந்திப்பில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய், மியூசியம் சேரும்போது பத்தரை ஆகிவிடும். இப்போது அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டியதும் பொம்மசந்திராவில் இறங்கிவிட்டால் நெரிசலுக்கு மேலாகவே போய்விடலாம்.

இறங்கியதும் நேராக ஸ்டேஷனுக்கு ஏறாதீர்கள். மெட்ரோவுக்குள் சாப்பிடக் கூடாது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டீக்கடையில் பெரியவர்களுக்கு டீ, பிள்ளைகளுக்குப் பால் சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இட்லியைப் பிரியுங்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அப்புறம் கழிப்பறை. இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறோம்: "வருதா?" என்று கேட்பது இல்லை, எல்லோரும் போக வேண்டும். கேட்டால் எல்லாப் பிள்ளையும் "இல்லை" என்றுதான் சொல்லும். பத்து நிமிடம் கழித்து ரயிலுக்குள் வரும்.

டிக்கெட்டைக் கைப்பேசியில் கியூ.ஆர். முறையில் எடுத்தால் ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் வரை போகலாம். எங்கள் பன்னிரண்டு பேருக்கு இரண்டு டிக்கெட் போதும். டோக்கன் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒன்றாவது தொலையும்.

வழி இதுதான். மஞ்சளில் ஏறிக் கடைசி ஸ்டேஷனான ஆர்.வி. ரோடு. அங்கே பச்சைக்கு மாறி, மாதவரா பக்கம் போகும் வண்டியில் ஏழாவது நிறுத்தம் மெஜஸ்டிக். அங்கே ஊதாவுக்கு மாறி, ஒயிட்ஃபீல்டு பக்கம் போகும் வண்டியில் மூன்றாவது நிறுத்தம் கப்பன் பார்க். நிறுத்தங்களை எண்ணும் வேலையைப் பெரிய பிள்ளைகளிடம் கொடுங்கள். பெயரைக் கேட்டு இறங்கலாம் என்று இருந்தால், கூட்டச் சத்தத்தில் அறிவிப்பு காதில் விழாது.

மெஜஸ்டிக்கில் எட்டரை, ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் அலைமோதும். வந்த வண்டியிலேயே ஏற வேண்டும் என்று முண்டாதீர்கள். ஒன்றிரண்டை விட்டுவிட்டு, நான்கு செட்டும் பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் நின்று ஏறுங்கள். பெண்களுக்கான முதல் பெட்டி காலியாகத் தெரிந்தாலும், கூட வரும் ஆண்கள் அதில் ஏற முடியாது. கூட்டம் இரண்டாகப் பிரிவதற்கு அந்த ஒரு ஆசை போதும்.

மஞ்சள் தடத்தில் வண்டிகள் மற்ற இரண்டு தடங்களைப் போல அடுத்தடுத்து வருவதில்லை. அதற்காக இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

## 8. மியூசியம்: 9.30 முதல் 11.45 வரை

கப்பன் பார்க் ஸ்டேஷனிலிருந்து பிள்ளைகளோடு நடக்க இருபது நிமிடம். நடக்கட்டும், இவ்வளவு நேரம் உட்கார்ந்தே வந்திருக்கிறார்கள்.

உள்ளே போனதும் பெரிய டைனோசர் ஒன்று தலையை ஆட்டி உறுமும். சின்னப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். முதல் தடவை வந்த எங்கள் கொழுந்தனார் மகன் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கால்விரல் மட்டும் வெளியே தெரிய நின்றான். அவனை இழுத்துக் காட்ட முயலாமல் அப்படியே விட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒரு கண், அப்புறம் இரண்டு கண், கடைசியில் அதன் முன்னால் நின்று திரும்ப உறுமிக்கொண்டிருந்தான்.

வரிசை: முதலில் தொட்டு, திருகி, இழுத்துப் பார்க்கும் அறிவியல் விளையாட்டுக் கூடம். பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டம் வந்துவிட்டால் ஒரு கருவிக்குப் பத்துப் பேர் நிற்பார்கள், நம் பிள்ளைக்குக் கை எட்டாது. தரைத்தளத்தில் இருக்கும் எஞ்சின் கூடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே பார்ப்பதுதான் அதிகம், கூட்டத்திலும் பார்க்கலாம். ரைட் சகோதரர்களின் விமான மாதிரியும் அங்கேதான்.

எல்லாக் கூடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று இழுக்காதீர்கள். ஒரு பிள்ளை ஒரே பொத்தானை இருபது தடவை அழுத்திப் பிஸ்டன் ஏறி இறங்குவதைப் பார்த்தால், பார்க்கட்டும். "வா, அடுத்தது" என்று ஓயாமல் சொன்னால், வீட்டுக்கு வந்து என்ன பார்த்தாய் என்று கேட்கும்போது லிஃப்ட் என்று சொல்லும். வருடத்துக்கு இரண்டு கூடம் என்று வைத்தால் அடுத்த வருடத்துக்கும் மிச்சம் இருக்கும்.

11.45-க்கு வாசலில் எண்ணிக்கை. கழிப்பறை விதி மறுபடியும்.

## 9. மதியச் சாப்பாடு

பன்னிரண்டு மணிக்கே சாப்பிட உட்காருங்கள். ஒரு மணிக்கு எம்.ஜி. ரோடு பக்கம் எந்த ஓட்டலிலும் பன்னிரண்டு பேருக்கு இடம் கிடைக்காது, பசி வந்த பிறகு பிள்ளைகளைக் காக்க வைக்கவும் முடியாது. நின்றுகொண்டு சாப்பிடும் தர்ஷினிக் கடைகள் விலை குறைவு, ருசியும் நன்றாக இருக்கும். ஆனால் மேசை பிள்ளைகளின் தலை உயரத்துக்கு இருக்கும். உட்காரும் ஓட்டலுக்கே போங்கள்.

பெங்களூர் சாம்பாரில் லேசாக வெல்லம் தட்டும். அதைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளை வீட்டுக்கு ஒன்று இருக்கும். அதற்குத் தயிர்சாதம் சொல்லிவிடுங்கள்.

## 10. லால்பாக்: 1.30 முதல் 3.45 வரை

எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் ஏறி மெஜஸ்டிக், அங்கே பச்சைக்கு மாறி, சில்க் இன்ஸ்டிடியூட் பக்கம் போகும் வண்டியில் நான்காவது நிறுத்தம் லால்பாக். இறங்கி மேற்கு வாசல் வழியாக உள்ளே போங்கள். 240 ஏக்கர் தோட்டம் அது. முழுக்கச் சுற்ற முடியாது, சுற்றவும் வேண்டாம்.

முக்கியமானது இது: நுழைந்த வாசலுக்குத் திரும்பி வராதீர்கள். மேற்கில் நுழைந்து, கண்ணாடி மாளிகையைப் பார்த்து, பாறைக்குப் போய், டபுள் ரோடு வாசல் வழியாக வெளியே வர வேண்டும். பிள்ளைகள் புது வழியில் எவ்வளவு தூரமும் நடப்பார்கள். நடந்த வழியிலேயே திரும்பச் சொன்னால் பத்தாவது அடியில் கால் வலிக்கும்.

அதிக நேரம் பாறைக்குத்தான். 300 கோடி ஆண்டு பழையது என்று சொல்லி, தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் பலகையைப் படித்துக் காட்டியபோது சின்ன அண்ணன் மகள் பாறையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, "அத்தை, நம்ம ஊர்ப் பாறை மாதிரியே சூடா இருக்கு" என்றாள். சையத் பாட்ஷா மலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாறை சொந்தம் மாதிரி. ஏறட்டும், சறுக்கட்டும், உட்காரட்டும். காலையில் கண்ணால் பார்த்ததெல்லாம் இங்கே ஓடித் தீர்த்த பிறகுதான் அடங்கும். ஒரு பெரியவர் உச்சியிலும் ஒருவர் அடிவாரத்திலும் நின்றால் மற்ற இருவரும் கொஞ்சம் உட்காரலாம்.

இங்கேதான் எங்கள் வருடாந்திரப் படம். அதே பாறை, அதே வரிசை. உயரப்படி இல்லாமல் வயதுப்படி நிற்க வைப்போம். யார் யாரைத் தாண்டி வளர்ந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் நூறு ரூபாய் கொடுப்போம், இஷ்டம் போல வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பணம் கைக்கு வருவது டபுள் ரோடு வாசலை நெருங்கும்போதுதான். காலையிலேயே கொடுத்தால் முதல் கடையில் தீர்ந்துவிடும், வாங்கிய பொருளை நாள் முழுக்க நாம் சுமக்க வேண்டும், அது உடைந்தால் அழுகை வேறு. ஒரே தடை பலூன். பஸ்ஸில் வெடித்தால் தூங்குகிற பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிடும்.

## 11. திரும்பும்போது மெட்ரோ வேண்டாம்

வந்த வழியே மெட்ரோவில் பொம்மசந்திரா போய் பஸ் ஏறலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அங்கே வந்து நிற்கும் வண்டிகள் சாந்திநகரிலும் மடிவாளாவிலும் நிறைந்து வருபவை. பன்னிரண்டு பேருக்கு உட்கார இடம் இருக்காது. காலையில் பஸ் நெரிசலில் மாட்டக் கூடாது என்பதற்காக மெட்ரோ. மாலையில் உட்கார்ந்து வர வேண்டும் என்பதற்காக வண்டி புறப்படும் இடத்துக்கே போக வேண்டும்.

டபுள் ரோடு வாசலில் நான்கு ஆட்டோ. அதே சாலையில்தான் சாந்திநகர் பஸ் ஸ்டாண்டும், தூரம் கொஞ்சம்தான். கடைசி ஆட்டோவில் வரும் பெரியவர் மற்ற மூன்றும் கிளம்பிய பிறகே ஏற வேண்டும். எங்கே சேர்வது என்பதை ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். "பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம்" என்பது போதாது, நடைமேடை எந்தப் பக்கம் என்பது வரை. ஓட்டுநர்கள் பலருக்கும் தமிழ் புரியும், பேச்சுக்குக் கஷ்டமில்லை.

கழிப்பறை, எண்ணிக்கை, ஏற்றம். இந்த வரிசை மாறக் கூடாது. ஏறிய பிறகு ஒரு பிள்ளை இறங்க வேண்டும் என்றால் சீட்டும் போகும், வண்டியும் போகும்.

சில்க் போர்டில் வண்டி நின்று நின்றுதான் போகும். அதனால் ஒன்றுமில்லை, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். இந்த நேரத்துக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு வரி, அன்று பிடித்தது ஒன்று. எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, பெரியவர்கள் எழுதுவார்கள். இதை ஓசூருக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஓசூர் தாண்டினால் ஒருவரும் விழித்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிய ஒரு வருடத்தின் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

நிப்பட்டை வெளியே எடுக்க வேண்டிய நேரமும் இதுதான். மாலை வாந்தி அபூர்வம், பசிதான் அதிகம்.

## 12. மறுநாள்

பிள்ளைகள் ஒன்பது மணி வரை தூங்கட்டும். பெரியவர்கள் நான்கு பேரும் மட்டும் உட்கார்ந்து, எங்கே நேரம் போனது, யார் காலணி கடித்தது, எந்தப் பை தேவையே படவில்லை என்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்தால் இதெல்லாம் மறந்துவிடும். மேலே நான் சொன்னதில் பாதி அந்தப் பின்பக்கங்களிலிருந்து எடுத்ததுதான்.

பாறைப் படத்தை அன்றே ஒரு பிரதி அச்சுப் போட்டு நோட்டில் ஒட்டுங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்று விடாதீர்கள், கைப்பேசி மாறும்போது படமும் போய்விடும். ஒட்டிவிட்டு, அடுத்த வருடம் ஐந்து வயது முடியப்போகும் பிள்ளையின் பெயரை அடுத்த பக்கத்தில் இப்போதே எழுதி, அதைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எங்கள் நோட்டில் இந்த வருடம் எழுதியிருக்கும் பெயர், பெரிய அண்ணனின் கடைசி மகளுடையது.